கொத்தனார் கையில் வெப்பமானி: பழைய வீடுகளைக் குளிர்விக்கும் வேலைக்குத் தொழிலாளர்களைப் பயிற்றுவிப்பது எப்படி?

சித்திரை, வைகாசி மாதங்களில் இரவு ஒன்பது மணிக்கு ஒரு கான்கிரீட் வீட்டின் மேல்மாடி அறைக்குள் நுழைந்து, தலைக்கு மேலிருக்கும் தளத்தை நோக்கி உள்ளங்கையை உயர்த்திப் பார்த்தால், வெயில் மறைந்து மூன்று மணி நேரம் ஆன பிறகும் அங்கிருந்து அனல் இறங்குவதை உணரலாம். மின்விசிறியை எவ்வளவு வேகமாகச் சுழலவிட்டாலும் அது அந்த அனலைத்தான் கீழே தள்ளுகிறது. அந்தத் தளத்தைப் போட்டவர்களும், இனி அதைத் திருத்தக்கூடியவர்களும் ஒரே ஆட்கள்தான்: மேஸ்திரி, கொத்தனார், சித்தாள், பெயின்டர், பிளம்பர், எலக்ட்ரீஷியன். ஏற்கெனவே நிற்கும் கட்டடத்தை இடிக்காமல், அதன் சூட்டையும் கசிவையும் மின்செலவையும் நீர்ச்செலவையும் குறைக்கும் வேலைக்கு இவர்களை எப்படித் தயார்செய்வது என்பதை, தமிழ்நாட்டு ஊர்களில் இத்தகைய பயிற்சிகளை நடத்திய அனுபவத்தைக் கொண்டு இங்கே எழுதுகிறேன். பொறியாளர்கள், தொழிற்சங்கத்தினர், தொண்டு நிறுவனத்தினர், சிறு ஒப்பந்ததாரர்கள் ஆகியோர் இதை அப்படியே எடுத்து நடத்தலாம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. "பசுமைத் திறன் பயிற்சி" என்று ஒருமுறை சுவரொட்டி ஒட்டியபோது, மாடித் தோட்டம் போடக் கற்றுத்தருவார்கள் என்று எண்ணி வந்தவர்களே அதிகமாக இருந்தார்கள். அடுத்த முறை "வீட்டுச் சூடு, தளக் கசிவு சரிசெய்யும் வேலை" என்று எழுதினோம். வர வேண்டியவர்கள் வந்தார்கள்.

யாரைச் சேர்ப்பது, எப்போது நடத்துவது

தனித்தனி ஆட்களாகச் சேர்க்காமல் செட்டாகச் சேர்க்க வேண்டும் என்பதுதான் நான் பட்டுத் தெரிந்துகொண்ட முதல் பாடம். எங்கள் முதல் பயிற்சிக்கு வந்த கொத்தனார்கள் ஆர்வத்தோடு கற்றார்கள், சான்றிதழும் வாங்கினார்கள். ஆனால் வேலைக்குத் திரும்பிய மறுநாளே பழைய முறையில்தான் பூசினார்கள், ஏனென்றால் எந்தப் பொருளை வாங்குவது, எத்தனை நாள் காயவிடுவது, எங்கே சிக்கனம் பார்ப்பது என்பதையெல்லாம் தீர்மானிக்கும் மேஸ்திரி அந்தப் பயிற்சிக்கு வரவில்லை. ஆகவே ஒரு மேஸ்திரி, அவரிடம் வழக்கமாக வேலை செய்யும் இரண்டு கொத்தனார்கள், மூன்று சித்தாள்கள், அவர் எப்போதும் கூப்பிடும் பெயின்டர், பிளம்பர், எலக்ட்ரீஷியன் என்று ஒன்பது பேரை ஒரு செட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு செட்டுகளுக்கு மேல் வேண்டாம். ஒரு மொட்டை மாடியில் பதினெட்டுப் பேருக்கு மேல் ஏறினால் பாதிப்பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள்.

சித்தாள்களைச் சேர்ப்பதைச் சலுகையாகக் கருதக் கூடாது. இருபது ஆண்டுகள் பாண்டு சுமந்த பெண்ணுக்குக் கலவையின் பதம் கொத்தனாரைவிட நன்றாகவே தெரியும், ஆனால் கரண்டி அவர் கைக்கு வருவதில்லை. தளத்துக்கு வெள்ளைப் பூச்சு அடிப்பது, வெப்பம் அளப்பது, அளவெடுத்துக் கணக்கு எழுதுவது ஆகியவை இன்னும் யாருடைய வேலை என்று தீர்மானமாகாத புதிய வேலைகள். அவை ஆண்களின் வேலை என்று வழக்கமாகிப் போவதற்கு முன்னால் பெண்களிடம் ஒப்படைத்துவிடுங்கள், கூலியையும் திறன்பெற்ற ஆளுக்குரிய விகிதத்தில் பேசி முடிவுசெய்யுங்கள். பயிற்சி நேரத்தைப் பள்ளி விடும் நேரத்துக்குள் முடிப்பதும், கைக்குழந்தையோடு வருபவருக்கு நிழலான ஓர் இடம் ஒதுக்குவதும் இதில் அடங்கும். செட்டில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் இருந்தால், இந்தி தெரிந்த ஒருவரை உடன் வைத்துக்கொள்வது கட்டாயம். பாதுகாப்புக் குறிப்புகளைத் தலையாட்டலை நம்பி விட்டுவிட முடியாது.

கூலியை இழந்து யாரும் கற்க மாட்டார்கள், கற்கவும் வேண்டியதில்லை. பயிற்சி நாள் ஒவ்வொன்றுக்கும் அவரவர் வழக்கமான நாள் கூலியைக் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர்களுக்கென்று நல வாரியம் 1994-லிருந்து இயங்குகிறது. கட்டுமானச் செலவில் 1 சதவீதத்துக்குக் குறையாமல், 2 சதவீதத்துக்கு மிகாமல் தொழிலாளர் நலனுக்காக வசூலிக்கும் முறையை 1996-ஆம் ஆண்டின் செஸ் சட்டம் கொண்டுவந்தது. பயிற்சிக்கு வருபவர்கள் வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா, பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா என்று முதல் நாளே பார்த்து, விடுபட்டவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுங்கள். மீதிச் செலவுக்கு எளிய வழி, பயிற்சியை உண்மையான வீடுகளில் நடத்துவதுதான்: வீட்டுக்காரர் பொருளுக்கான பணத்தைத் தருவார், கைக்கூலியைப் பயிற்சி நடத்துபவர் ஏற்பார்.

காலத்தைப் பொறுத்தவரை ஆடி மாதத்தைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை. ஆடியில் புதிய வேலை தொடங்கப் பலரும் தயங்குவதால் செட்டுகளுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். ஐப்பசி மழைக்கு முன் தளத்தைச் சரிசெய்துவிட வேண்டும் என்ற கவலை வீட்டுக்காரருக்கும் அப்போதுதான் வரும். சென்னைப் பக்கம் மாலை நேரங்களில் திடீர் மழை கொட்டும் மாதம் என்பதால், தார்ப்பாய் மட்டும் எப்போதும் கையில் இருக்கட்டும்.

முதல் நாள் முழுவதும் அளப்பதற்கே

வகுப்பறையில் உலக வெப்பமயமாதலைப் பற்றிய படங்களைக் காட்டித் தொடங்குவதுதான் வழக்கம். நான் அதைச் செய்வதில்லை. முதல் நாள் காலையிலேயே ஒவ்வொரு செட்டுக்கும் ஓர் அகச்சிவப்பு வெப்பமானியைக் கொடுத்து மாடிக்கு அனுப்பிவிடுகிறேன். துப்பாக்கி போன்ற அந்தக் கருவியை நீட்டி விசையை அழுத்தினால் பரப்பின் வெப்பம் திரையில் தெரியும். பகல் இரண்டு மணிக்கு வெறும் சிமெண்ட் தளம், தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் இடம், மேற்குச் சுவர், மேல்மாடி அறையின் உட்கூரை ஆகிய நான்கையும் அளந்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மாலை ஆறு மணிக்கும், வீட்டுக்காரர் சம்மதித்தால் இரவு ஒன்பது மணிக்கும் அதே இடங்களைத் திரும்ப அளக்க வேண்டும். தளத்தின் மேற்பரப்பு உச்சிவெயிலிலேயே உச்சத்தைத் தொட்டுவிட, உட்கூரை மட்டும் அந்தி சாய்ந்த பிறகும் சூடாகவே இருப்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். கான்கிரீட் பகலில் குடித்த வெப்பத்தைச் சில மணி நேரம் கழித்துத்தான் கீழே இறக்குகிறது என்பதை அதன் பிறகு விளக்க ஒரு நிமிடம் போதும்.

கருவியை நம்புவதற்கும் ஓர் எல்லை உண்டு. பளபளக்கும் தகரத்தையோ அலுமினியத் தாளையோ நேரடியாக அளந்தால், அது தன் வெப்பத்தை விடுத்துச் சுற்றுப்புறத்தைப் பிரதிபலிப்பதால் உண்மைக்குக் குறைவான எண் வரும். தகரத்தின் மேல் ஒரு துண்டு கருப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, சிறிது நேரம் கழித்து டேப்பை அளந்தால் சரியான எண் கிடைக்கும். இந்த ஒரு வித்தையைப் பார்த்த பிறகு எலக்ட்ரீஷியன்கள் கருவியைக் கீழே வைப்பதே இல்லை.

அன்றே மாடியின் ஒரு மூலையில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டராக நான்கு கட்டங்கள் போடுங்கள். முதல் கட்டம் வெறும் தளமாகவே இருக்கட்டும். இரண்டாவதில் சுண்ணாம்பு, மூன்றாவதில் வெள்ளைக் குளிர்பூச்சு, நான்காவதில் வெள்ளை ஓடு. மறுநாள் நண்பகலில் வெறும் தளத்துக்கும் வெள்ளைக் கட்டங்களுக்கும் இடையில் பத்து முதல் இருபது டிகிரி வரை வேறுபாடு தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு நான்கு கட்டங்களிலும் மாறி மாறி நின்று பார்க்கச் சொன்னால், எண்ணே தேவையில்லை.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை இஸ்திரிப் பெட்டிக் கணக்கில் சொல்வது என் வழக்கம். 600 சதுர அடித் தளம் ஏறத்தாழ 56 சதுர மீட்டர். தெளிந்த வானத்தில் உச்சிவெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 900 வாட் வெப்பத்தைக் கொட்டுகிறது. சாம்பல்நிறச் சிமெண்ட் அதில் 70 சதவீதத்தை உறிஞ்சினால், 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் முப்பத்தைந்தை மொட்டை மாடியில் கவிழ்த்து வைத்ததற்குச் சமம். சுத்தமான வெள்ளைப் பூச்சு 25 சதவீதத்தை மட்டும் உறிஞ்சினால் பெட்டிகள் பதின்மூன்றாகக் குறையும். அந்த வெப்பம் முழுவதும் வீட்டுக்குள் வந்துவிடுவதில்லை, பெரும்பகுதி காற்றுக்கும் வானத்துக்கும் திரும்பிவிடும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். பாதிக் கணக்கைச் சொன்னால், கூர்மையான ஒருவர் எழுந்து கேட்டுவிடுவார்.

கசிவை விட்டுவிட்டுக் குளிர்ச்சியைத் தொடக் கூடாது

பயிற்சியில் அதிக நேரம் எடுத்துக்கொள்ள வேண்டிய பகுதி இதுதான். வெள்ளைப் பூச்சு அடிப்பது அரைநாளில் கற்கக்கூடிய வேலை. அது எந்தத் தளத்தின் மேல் நிற்கப்போகிறது என்று கண்டறிவதுதான் திறன். இதில் நான் ஒருமுறை நன்றாக ஏமாந்தேன். மழை விட்டு மூன்று நாள் ஆகியிருந்தது, தளம் பார்வைக்கு உலர்ந்திருந்தது, வீட்டுக்காரருக்கும் அவசரம். பூச்சை அடித்து முடித்தோம். இரண்டே மாதத்தில் தளமெங்கும் அப்பளம்போல் கொப்பளித்துவிட்டது. தளத்துக்குள் தங்கியிருந்த ஈரம் வெயிலில் ஆவியாகி மேலே வர வழியில்லாமல் பூச்சைத் தூக்கியிருந்தது. செலவை நாங்கள் ஏற்றுச் சுரண்டித் திரும்ப அடித்தோம். சுரண்டுவதற்கு அடிப்பதைப்போல் மூன்று மடங்கு நேரம் ஆனது.

அதன் பிறகு ஒவ்வொரு தளத்திலும் பாலிதீன் சோதனையைக் கட்டாயமாக்கினேன். ஒன்றரை அடிச் சதுரமான கண்ணாடிபோன்ற பாலிதீன் தாளைத் தளத்தில் விரித்து, நான்கு ஓரங்களையும் காற்று புகாதபடி டேப்பால் ஒட்டி, முந்திய மாலையிலிருந்து மறுநாள் காலைவரை, அதாவது குறைந்தது பதினாறு மணி நேரம் விட்டுவிட வேண்டும். தாளின் அடியில் நீர்முத்துகள் கோத்திருந்தாலோ தளம் கறுத்திருந்தாலோ அந்தத் தளம் இன்னும் பூச்சுக்குத் தயாராகவில்லை. எந்தக் கருவியும் தேவைப்படாத இந்தச் சோதனையை, பயிற்சி முடிந்த மேஸ்திரிகள் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயன்படுத்துவதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. இரண்டு வாளித் தண்ணீரைத் தளத்தின் உயரமான மூலையில் ஊற்றி, அது ஓடும் வழியைச் சாக்கட்டியால் வரைந்துகொண்டே போகச் சொல்லுங்கள். பத்தடிக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் வாட்டம் இருந்தால் தண்ணீர் தயங்காமல் வடிகுழாய்க்குப் போய்ச் சேரும். நிற்கும் இடங்களை முதலில் வாட்டம் பார்த்துப் பூச வேண்டும். தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில் செங்கோணமாக விடாமல் கலவையால் வளைவாகப் பூசுவதும், மயிரிழை விரிசலைத் தவிர மற்ற விரிசல்களை மேலோடு மெழுகாமல் வெட்டித் திறந்து, தூசி ஊதி, நீட்சியுள்ள பொருளால் நிரப்புவதும் ஒவ்வொரு கொத்தனாரும் தன் கையால் செய்து காட்ட வேண்டிய பாடங்கள். கசிவு எங்கிருந்து வருகிறது என்ற ஐயம் தீராவிட்டால் வடிகுழாயை அடைத்து ஓர் அங்குலத் தண்ணீரை ஒரு நாள் தேக்கிப் பார்க்கலாம். ஆனால் ஓர் அங்குலத் தண்ணீர் சதுர மீட்டருக்கு 25 கிலோ சுமை என்பதால், தளர்ந்த பழைய தளத்தில் இதைச் செய்யக் கூடாது.

எப்போது வேலையை நிறுத்த வேண்டும் என்பதையும் இங்கேதான் கற்றுக்கொடுக்க வேண்டும். உட்கூரையில் சிமெண்ட் பெயர்ந்து, உள்ளே கம்பி துருவேறிப் பருத்துத் தெரிந்தால், அது பூச்சு வேலை அல்ல. கைக்கட்டையால் தட்டிப் பார்த்து வெற்றொலி கேட்கும் இடங்களைக் குறித்துவிட்டு, கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுமாறு வீட்டுக்காரரிடம் சொல்லிக் கீழே இறங்கிவிட வேண்டும். கையிலிருக்கும் வேலையை வேண்டாம் என்று சொல்லும் மேஸ்திரிக்கு அந்த நாள் நட்டம்தான். ஆனாலும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

சுருக்கி தெரிந்தவரிடமிருந்து தொடங்குவது

ஐம்பது வயதைக் கடந்த கொத்தனார் ஒருவர் செட்டில் இருந்தால், வெப்பத்தடுப்புப் பாடத்தை அவரையே தொடங்கிவைக்கச் சொல்லுங்கள். செங்கல் ஜல்லியையும் நீற்றிய சுண்ணாம்பையும் கலந்து தளத்தின் மேல் மூன்று அங்குலத்துக்கு இட்டு, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, மேலே தட்டோடு பதிக்கும் சுருக்கி வேலை நம் ஊரின் பழைய வெப்பத்தடுப்பு முறை. பொதுப்பணித் துறை வேலைகளில் 32 பங்கு ஜல்லிக்கு 12½ பங்கு சுண்ணாம்பு, மணல் இல்லாமல், 75 மில்லிமீட்டர் கனம் என்ற அளவு மேஸ்திரிகளுக்கு மனப்பாடம். தங்களுக்குத் தெரிந்த ஒன்றின் தொடர்ச்சியாகத்தான் புதியது வருகிறது என்று புரிந்தால், மூத்தவர்களின் முகத்தில் இருக்கும் இறுக்கம் தளர்ந்துவிடும்.

ஆனால் சுருக்கியைப் போற்றுவதோடு நின்றுவிடவும் கூடாது. புதிய குடியிருப்புகளுக்காக மத்திய மின் அமைச்சகம் 2018-இல் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா விதித்தொகுப்பு, கூரையின் யு மதிப்பு 1.2-க்கு மேல் போகக் கூடாது என்கிறது. அதாவது உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வேறுபாடு இருக்கும்போது, ஒரு சதுர மீட்டர் கூரை வழியாக 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் கடக்கக் கூடாது. பழைய வீட்டுக்கு இது கட்டாயமில்லை என்றாலும் நல்ல இலக்கு. 150 மில்லிமீட்டர் வெறும் கான்கிரீட்டுக்கு இந்த எண் 3-க்கு மேல் வரும். சுருக்கியும் தட்டோடும் சேர்ந்தாலும் 2-க்கு மேல்தான் நிற்கும். தெர்மோகோல் இனத்தைச் சேர்ந்த, 25 மில்லிமீட்டர் கனமுள்ள அழுத்தப்பட்ட பாலிஸ்டைரின் பலகையைத் தளத்தின் மேல் வைத்தால் 1-க்கு அருகில் இறங்கிவிடும். எடையிலும் வேறுபாடு பெரிது: மூன்று அங்குலச் சுருக்கி சதுர மீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல் சுமை தரும், பலகை ஒரு கிலோ அளவில்தான் இருக்கும். அதனால் பழைய சுருக்கியின் மேலேயே புதிய அடுக்குகளை ஏற்றிக்கொண்டு போகாமல், கெட்டுப்போனதைப் பெயர்த்து எடுத்துவிட்டுத்தான் புதியதை இட வேண்டும்.

பலகை வேலையில் வரிசை பிசகக் கூடாது. நீர்த்தடுப்புப் பூச்சு முதலில், அது காய்ந்த பின் பலகை, அதன் மேல் பிரிப்புத் துணி, பிறகு கோழிவலை வைத்த சிமெண்ட் பூச்சு, கடைசியில் வெள்ளை ஓடு. கற்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, பலகைகளுக்கு நடுவே விரலளவு இடைவெளி விட்டு அதில் கலவையை நிரப்பிவிடுவது. அந்தக் கலவைக் கோடுகள் வழியாகவே வெப்பம் இறங்கும். ஒருநாள் மாலை, ஒழுங்காக இணைத்த பலகைக்கும் இடைவெளி விட்ட பலகைக்கும் கீழே உட்கூரையை அளந்து காட்டினால் மறுமுறை அந்தத் தவறு வராது. பாலிஸ்டைரினை உட்கூரையில் திறந்தபடி ஒட்டும் வேலையை எவர் கேட்டாலும் செய்யக் கூடாது. தீப்பிடித்தால் நச்சுப்புகை முதலில் தூங்குபவரைத்தான் சூழும்.

பலகைக்குப் பணமில்லாத வீடுகள்தான் நம் ஊரில் அதிகம். அங்கே பிசின் கலந்த சுண்ணாம்பு வெள்ளை இரண்டு கை அடித்தாலே கோடைக்கு நல்ல பயன் தரும். ஒன்றிரண்டு மழைக்காலத்தில் கரைந்துவிடும் என்பதை ஒளிக்காமல் சொல்லி, பங்குனிதோறும் அடித்துக்கொள்ள வீட்டாருக்கே கற்றுக்கொடுத்துவிடலாம். கடையில் கூலிங் டைல்ஸ் என்று விற்கும் வெள்ளை ஓடு நீண்டநாள் நிற்கும், ஆனால் அதன் உயிர் இணைப்புகளில் இருக்கிறது. இணைப்பை நிரப்பாமல் விட்ட ஓட்டுத்தளம் அடியில் தண்ணீரைச் சிறைவைத்துக்கொள்ளும். எந்த வெள்ளையானாலும் தூசி படிந்தால் பலன் குறையும் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை கழுவுவதும் வேலையின் பகுதி என்று சொல்லிக்கொடுங்கள்.

மின்சாரமும் தண்ணீரும்

இவற்றுக்கு ஒரு நாள் போதும். பழைய மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் எடுக்கும், பிஎல்டிசி எனப்படும் தூரிகையில்லா மோட்டார் கொண்ட விசிறி 30 வாட் அளவில் எடுக்கும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் ஒரு விசிறிக்கு இரண்டு மாதத்தில் சுமார் 40 யூனிட் மிச்சமாகும். நம் வீடுகளுக்கு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால், கணக்கையும் அப்படியே சொன்னால்தான் வீட்டுக்காரருக்கு மனதில் பதியும். பழைய ரெகுலேட்டரை இணைப்பிலிருந்து நீக்காமல் பிஎல்டிசி விசிறியை மாட்டினால் அதன் மின்சுற்று கெட்டுப்போகலாம் என்பதை எலக்ட்ரீஷியன்கள் பலகையில் செய்து பார்க்க வேண்டும். 2023 ஜனவரியிலிருந்து கூரை விசிறிகளுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயம். குறியீட்டுச் சீட்டைப் படிக்கவும் பழக்குங்கள்.

சூரிய மின்தகடு பொருத்துபவர்களோடு ஒரு சந்திப்பை ஏற்பாடு செய்வது மிகவும் பயன்தரும். 2024-இல் மத்திய அரசின் சூரிய வீடு மானியத் திட்டம் வந்த பிறகு மாடிதோறும் தகடுகள் ஏறுகின்றன. புதிதாக நீர்த்தடுப்புச் செய்த தளத்தில் துளையிட்டுக் கால் நிறுத்திவிட்டுப் போய்விட, கசிவுக்கான பழி கொத்தனார் மேல் விழுகிறது. தகடு வரப்போகிறதா என்று வீட்டுக்காரரிடம் முன்பே கேட்டு, கால்களுக்கான கான்கிரீட் மேடைகளை நீர்த்தடுப்புக்கு முன்னாலேயே போட்டுவிட வேண்டும்.

பிளம்பருக்கு, தண்ணீரோடு காற்றைக் கலந்து நீர்ச்செலவைக் குறைக்கும் காற்றுக் கலப்பியைக் குழாய்முனையில் பொருத்துவதும், வடிகட்டாமல் மண் அடைந்துபோன மழைநீர்த் தொட்டியைத் தூர்வாரிக் கூழாங்கல் மாற்றுவதும் முதன்மைப் பாடங்கள். 2003-இல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது போட்ட தொட்டிகளில், அதன்பின் ஒருமுறைகூடத் திறக்கப்படாதவை பலவற்றைப் பார்த்திருக்கிறேன். ஒரு வாளியில் குழாயைத் திறந்து ஒரு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் விழுகிறது என்று கலப்பிக்கு முன்னும் பின்னும் அளந்து காட்டினால் வீட்டம்மாவே அடுத்த குழாய்க்கும் போடச் சொல்லிவிடுவார்.

வேலை செய்பவரின் உடம்பு

வீட்டைக் குளிர்விக்கப் போனவர் வெயிலில் சுருண்டு விழக் கூடாது. கோடையில் மாடி வேலையைக் காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் முடித்து, மீதியை மாலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளைத் தளத்தில் வெயில் கண்ணைக் கூசச்செய்யும் என்பதால் கறுப்புக் கண்ணாடி ஆடம்பரமல்ல. சுண்ணாம்பு நீற்றும்போது கண் காப்பும் கையுறையும் இல்லாமல் எவரையும் அருகே விடாதீர்கள். சுவரையோ கான்கிரீட்டையோ வெட்டும்போது எழும் நுண்தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கி ஆறாத நோயைத் தரும். முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வது அதைத் தடுக்காது, நீர் தெளித்து வெட்டுவதும் தூசிக்கென்று உள்ள முகமூடியும் வேண்டும்.

கல்நார் ஓட்டு வீடுகளுக்குத் தனி எச்சரிக்கை உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டைத் துளையிடவோ, அறுக்கவோ, கம்பித் தூரிகையால் தேய்க்கவோ, அழுத்த நீரால் கழுவவோ கூடாது. நனைத்து, மென்மையாகத் துடைத்து, பூச்சு அடிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதன் மேல் ஏறி நடப்பதும் கூடாது, ஓடு திடீரென்று உடைந்து ஆளைக் கீழே விட்டுவிடும். பக்கவாட்டில் சாரம் கட்டி, நீண்ட கம்பில் உருளையைப் பொருத்தி அடிப்பதே வழி. கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் இடுப்புக் கயிறு கட்டாமல் ஓரத்துக்குப் போகக் கூடாது என்பதையும், வீட்டையொட்டிப் போகும் மின்கம்பியை முதலில் பார்த்துவிட்டுத்தான் ஏணியைத் தூக்க வேண்டும் என்பதையும் தினமும் காலையில் வாய்விட்டுச் சொல்லவைக்கிறேன்.

விலை சொல்லப் பழகுவது

பெரும்பாலான பயிற்சிகள் விட்டுவிடும் பகுதி இது. இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் சான்றிதழாகச் சுவரில் தொங்கும். ஐந்தாம் நாள் ஒருவரை வீட்டுக்காரராகவும் மேஸ்திரியை மேஸ்திரியாகவும் உட்காரவைத்துப் பேசச் சொல்வேன். ஒருமுறை ஒரு மேஸ்திரி மிகுந்த நம்பிக்கையோடு, "சார், அடிச்சு முடிச்சா வீட்டுக்குள்ள பதினஞ்சு டிகிரி குறைஞ்சிடும்" என்றார். வீட்டுக்காரராக நடித்த சித்தாள் அம்மா சிரிக்காமல், "அப்போ மார்கழியில போர்வைக்கும் சேத்து எழுதிக்குங்க மேஸ்திரி" என்றதும் மாடியே அதிர்ந்தது. தளத்தின் மேற்பரப்பில் பதினைந்து டிகிரி குறைந்தால் அறைக்குள் ஒன்றிரண்டு முதல் சில டிகிரி வரைதான் குறையும், மேல்மாடிக்குக் கீழே இருக்கும் தளத்தில் அதுவும் தெரியாது என்பதை அன்று எல்லோரும் புரிந்துகொண்டார்கள். மிகைப்படுத்தி வாங்கிய வேலைக்குப் பிறகு அந்தத் தெருவில் இரண்டாவது வேலை கிடைக்காது.

மதிப்பீட்டுத் தாள் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். தளத்தின் நீள அகலம், கைப்பிடிச் சுவரின் உட்பக்கம், சரிசெய்ய வேண்டிய விரிசலின் நீளம், பொருள், கூலி, காயவிடும் நாள், அளந்த வெப்பம் ஆகியவை போதும். பூச்சு வாளியின் மேல் எழுதியிருக்கும் பரப்பளவு வழவழப்பான பரப்புக்கானது என்றும், சொரசொரப்பான பழைய தளம் கூடுதலாகக் குடிக்கும் என்றும், அதனால் ஒரு சிறு கட்டத்தில் அடித்துப் பார்த்து லிட்டர் கணக்கை எடுக்க வேண்டும் என்றும் பெயின்டருக்கு வலியுறுத்துங்கள். எழுதப் படிக்கத் தயங்கும் மேஸ்திரிக்குப் பள்ளி முடித்த மகளோ மகனோ இருந்தால் அவர்களையும் அன்று அழைத்துக்கொள்கிறோம். செல்பேசியில் கணக்கையும் முன்-பின் படங்களையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

தேர்வை எங்கே வைப்பது

எழுத்துத் தேர்வு வேண்டாம். ஆறாம் நாள் ஒவ்வொரு செட்டையும் அதுவரை பார்க்காத ஒரு மாடிக்கு அழைத்துப்போய், இரண்டு மணி நேரத்தில் சோதித்து, எந்த வேலையை எந்த வரிசையில் செய்வார்கள், எதைச் செய்ய மறுப்பார்கள் என்று சொல்லச் சொல்லுங்கள். முன்னனுபவத் திறனை அங்கீகரிக்கும் மத்திய அரசின் சான்றிதழ் முறையில் கொத்தனார், பெயின்டர், பிளம்பர் ஆகியோரைச் சேர்த்துவிட்டால் வெளியூர் வேலைக்கு உதவும். ஆயினும் என் கணக்கில் உண்மையான தேர்வு வடகிழக்குப் பருவமழைதான். செட்டு வேலை செய்த ஒவ்வொரு மாடியிலும் கைப்பிடிச் சுவரின் உட்பக்கம் தேதியையும் மேஸ்திரியின் பெயரையும் சிறிய எழுத்தில் எழுதவைக்கிறோம். தை பிறந்ததும் அதே செட்டோடு, அதே வெப்பமானியோடு அந்த மாடிகளுக்குத் திரும்பிப் போகிறோம். எங்கே கொப்பளித்திருக்கிறது, எந்த மூலையில் பாசி படர்ந்திருக்கிறது, எந்த இணைப்பில் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு, தன் பெயர் இருக்கும் மாடியை அந்தந்த மேஸ்திரியே அன்றைய கூலியோடு சரிசெய்துவிட்டுப் போகிறார்.